மேலே ஒரு கண், கரையில் ஒரு காது

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் பேச வருகிறார் என்றதும் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று அறிவுரை சொல்லப் போகிறேனோ எனச் சிலர் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். இன்று ரொக்கெட்டையும் செய்மதியையும் பற்றிப் பேசப் போகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நமது பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ரீச்சர் ஒரு பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் கைவிட்டதை என் வகுப்புத் தோழிகள் மறந்திருக்க மாட்டார்கள். அது சீறிப் பறந்து கூரையில் மோதி, முன்வாங்கில் இருந்தவளின் தலையில் விழுந்தது. நாங்கள் சிரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு, "இதுதான் பிள்ளையள், ரொக்கெட்" என்றார். காற்று பின்னால் போனது, பலூன் முன்னால் போனது. ரொக்கெட்டும் எரிபொருளை எரித்துச் சூடான வாயுவை மிகுந்த வேகத்தில் கீழ்நோக்கித் தள்ளுகிறது. வாயு ரொக்கெட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. வெளியிலுள்ள காற்றை உதைத்து அது எழுவதில்லை. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனையும் தன்னுடனேயே சுமந்து செல்கிறது. அதனால்தான் காற்றில்லாத விண்வெளியிலும் அதனால் இயங்க முடிகிறது.

மேலே போன செய்மதி ஏன் கீழே விழுவதில்லை? உண்மையில் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. தாழ்ந்த பாதையில் சுற்றும் செய்மதி செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் ஓடுகிறது. அந்த ஒரு செக்கனில் ஏறக்குறைய 5 மீற்றர் விழுகிறது. பூமி உருண்டை என்பதால் 8 கிலோமீற்றர் தள்ளிப் போனால் நிலமும் 5 மீற்றர் வளைந்து தாழ்ந்துவிடுகிறது. ஆகவே விழுந்துகொண்டே இருக்கும், நிலத்தைத் தொடாது.

ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மத்திய கோட்டுக்கு நேர் மேலே நிறுத்தினால், செய்மதி பூமியுடன் சேர்ந்து நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றும். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். இத்தகைய செய்மதிகள் மூலம் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னர் அரை நூற்றாண்டு காலம் நம் நாட்டில் வாழ்ந்து இங்கேயே மறைந்தவர். இன்று அந்த உயரத்தில் நிற்கும் வானிலைச் செய்மதிகள் வங்கக் கடலில் சூறாவளி உருவாகும்போதே படம் அனுப்புகின்றன. 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் முன்கூட்டியே இடம்பெயர்ந்ததற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம்.

இனி, நான் இந்த விடயத்தைத் தெரிவுசெய்த காரணத்துக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26, போயா தினமான ஞாயிற்றுக்கிழமை. நான் கரையோர வைத்தியசாலை ஒன்றில் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தேன். அன்று நடந்ததை இந்த மண்டபத்தில் விபரிக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் உறவுகளை இழந்தவர்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடல் வருமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே, டொக்டர்" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதிலின் ஒரு பகுதியைப் பல வருடங்களின் பின் வாசித்தேன். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து 2 மணித்தியாலங்களின் பின் அலை நம் கரையை எட்டியது. அதிர்வை உலகின் கருவிகள் சில நிமிடங்களிலேயே அறிந்துவிட்டன. அலை இங்கே வந்துகொண்டிருந்த அதே வேளையில், கடல் மட்டத்தை ராடாரால் அளக்கும் ஜேசன்-1 என்ற செய்மதி தற்செயலாக இந்து சமுத்திரத்தின் மேலாகப் போனது. ஆழ்கடலில் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயரமே இருந்த அலையை அது அளந்தது. ஆனால் அந்த அளவுகள் விஞ்ஞானிகளின் மேசைக்கு வர மேலும் பல மணித்தியாலங்கள் எடுத்தன. வந்திருந்தாலும் சொல்வதற்கு இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பு ஒன்றும் இருக்கவில்லை. நம் நாட்டில் மட்டும் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஈசிஜி எடுத்தாயிற்று, ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை என்றால் நோயாளி பிழைப்பாரா? அதைப் போன்றதுதான் இதுவும்.

இன்று நிலைமை வேறு. ஆழ்கடலின் அடியில் வைத்த கருவி நீரின் அழுத்தம் மாறுவதை உணர்கிறது. ஒலி மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்கிறது. மிதவை செய்மதிக்கும், செய்மதி எச்சரிக்கை நிலையத்துக்கும் சொல்கின்றன. அங்கிருந்து நமது அனர்த்த முகாமைத்துவ நிலையம், பொலிஸ், கிராம உத்தியோகத்தர், கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கி என்று அது இறங்கி வர வேண்டும்.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, சனம் கரையை விட்டு ஓடியது. கடலடி நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. "சும்மா ஓட வைச்சிட்டாங்கள்" என்று பலர் சினந்தார்கள். அன்றிரவு நான் பார்த்தது சுளுக்கிய கால்களும் உராய்ந்த முழங்கால்களுந்தான். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக வேலை செய்த இரவு வேறில்லை.

தங்கைமாரே, 2019 இல் விண்ணுக்குச் சென்ற நம் நாட்டின் முதற் செய்மதி இராவணா-1 ஒரு கிலோ அளவு நிறைதான். அதை உருவாக்கிய இரு இளம் இலங்கைப் பொறியியலாளர்களில் ஒருவர் துலானி சாமிக்கா என்ற பெண். உங்களில் ஒருத்தி அடுத்ததைச் செய்யட்டும். செய்யாத மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது: செய்தியின் கடைசிக் கண்ணி நாம்தான்.

நமது கல்லூரி கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. மேட்டு வீதிக்குப் போகும் பின்வாயில் நம் காலத்தில் எப்போதும் பூட்டியே கிடக்கும். ஏன் பூட்டினார்கள் என்பது அக்காமாருக்குத் தெரியும்! நூற்றாண்டு நிதிக்குக் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து அன்போடு அனுப்புகிறீர்கள். அதில் ஒரு சிறு பகுதியால் அந்த வாயிலை அகலமாக்குவோம். ஆண்டுக்கு ஒரு முறை மணி அடித்து, எல்லாப் பிள்ளைகளும் அதனூடாக வெளியேறும் ஒத்திகை வைப்போம். அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை முதலாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்திருக்கட்டும்.

அந்தத் தாய்க்கு அன்று என்னால் சொல்ல முடியாத பதிலை, நாம் அப்படித்தான் சொல்ல முடியும்.