சொந்த வீடும் கடன் ஏடும்



விடியுமுன்னே எழுந்து, ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, கிராஞ்சியில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் இன்று ஜொகூர்த் தோட்டங்களில் பலர் இருக்கிறார்கள். நம்மிடம் படித்த பிள்ளை ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். "சார், என் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்யும் சிங்கப்பூர்க்காரர் உட்லண்ட்ஸில் வீடு வாங்கிவிட்டார். எங்கள் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு மட்டும் இங்கே வீட்டுக் கடன் கிடைக்கவில்லையே, ஏன்?"

இது ஒருவருடைய கேள்வி மட்டுமன்று. நாம் குடியிருக்கும் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அப்பாவின் வேலை முடிந்தால் வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே, விடையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் சிங்கப்பூரின் கதை. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. 1964இல் வீடுகளை வாடகைக்கு விடுவதோடு விற்கவும் முன்வந்தது. குயின்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. விலை குறைவுதான். ஆனால் அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் குடும்பம் முன்பணத்துக்கு எங்கே போகும்? 1968இல் அதற்கு ஒரு வழி பிறந்தது. மத்திய சேமநிதியில் சேர்ந்திருக்கும் பணத்தை முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் பயன்படுத்தலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. நிலமோ நகையோ இல்லாத தொழிலாளிக்கு, மாதந்தோறும் தவறாமல் சேரும் சேமநிதியே கைகொடுத்தது. இன்று அந்நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் கழக வீடுகளில் வாழ்கிறார்கள்.

இப்போது அங்கே முதல் வீடு வாங்குவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கழகமே தரும் கடன். அதன் வட்டி, சேமநிதி வட்டியைவிட 0.1 விழுக்காடு கூடுதல். பல ஆண்டுகளாக அது 2.6 விழுக்காடு. 2024 ஆகஸ்ட் முதல் வீட்டு விலையில் 75 விழுக்காடு வரை தருகிறார்கள். மீதியைச் சேமநிதியிலிருந்தே கட்டலாம். மற்றொன்று, வங்கிக் கடன். இதில் விலையில் குறைந்தது 5 விழுக்காட்டைக் கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டும். வட்டியும் ஏறி இறங்கும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால், அரசு மானியமும் உண்டு.

இவற்றில் நாம் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. கழக வீட்டுக்கான மாதத் தவணை குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மாதம் 3,000 வெள்ளி வந்தால், தவணை 900 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2.6 விழுக்காடு வட்டியில் 100,000 வெள்ளியை 25 ஆண்டுக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 454 வெள்ளி. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டுமே 36,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கும். குறைந்த வட்டிக்கே இப்படி என்றால், கந்து வட்டிக்காரரிடம் முன்பணம் வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லவும் வேண்டுமா?

இனி நம் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். மத்திய சேமநிதி சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதியில் போகும் நம் பிள்ளைக்கு அது இல்லை. எல்லைக்கு அப்பால் வேலை செய்வதால் நம் ஊழியர் சேமநிதியிலும் முதலாளி பணம் கட்டுவதில்லை. சம்பளம் முழுமையாகக் கைக்கு வருகிறது. ஆனால் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அந்தப் பிள்ளை பணத்தை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கூட்டுப் பணம் கட்டினார்; ஒரு மாதமும் தவறவில்லை. நாணயமான குடும்பம்தான். ஆனால் அந்த நாணயத்துக்கு எழுத்தில் சாட்சி இல்லை. கூட்டு பிடிப்பதும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. 

ஆகவே, கிராஞ்சிக்குப் போகும் பிள்ளைகள் முதல் சம்பளத்திலிருந்தே நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும்.

முதலாவது, சம்பளச் சீட்டுகளையும் வேலை ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் தம் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் வழியாகவே வீட்டுக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, ஊழியர் சேமநிதியில் தாமாகவே பணம் கட்டலாம். அதில் வீட்டுக்காக எடுக்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. கட்டி வந்தால் முன்பணமும் சேரும், சாட்சியும் சேரும்.

மூன்றாவது, மோட்டார் சைக்கிள் கடன் போன்ற சிறு கடன் இருந்தால் நாள் தவறாமல் கட்டுங்கள். கடந்த 12 மாதங்களில் தவணைகளை எப்படிக் கட்டினீர்கள் என்பது பேங்க் நெகாராவின் கடன் ஏட்டில் தெரியும். வங்கிகள் அதைப் பார்த்தே முடிவு செய்கின்றன. நண்பருக்காகப் பிணைக் கையெழுத்துப் போடுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, சம்பளச் சீட்டே இல்லாத குடும்பத்தினரும் மனம் தளர வேண்டாம். முதல் வீடு வாங்கும் இப்படிப்பட்டவர்களுக்காக அரசு வங்கிக்கு உத்தரவாதம் தரும் எஸ்.ஜே.கே.பி. என்னும் திட்டம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்காக 1,000 கோடி ரிங்கிட் வரை உத்தரவாதம் அறிவிக்கப்பட்டது. அதில் சேர்ந்துள்ள வங்கிகளில் விசாரியுங்கள். ஆனால் உத்தரவாதம் என்பது இனாம் அன்று. கடனை நாம்தான் கட்டித் தீர்க்க வேண்டும்.

நம் பெற்றோர் பால் எடையைக் கிராணியார் ஏட்டில் சரியாகப் பதிந்தாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். வெட்டிய பால் ஏட்டில் ஏறாவிட்டால் கூலி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதே விழிப்பு இன்று நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். இன்று இரவு பிள்ளை வேலை முடிந்து வந்ததும், அந்தச் சம்பளச் சீட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாலும் போதும். சொந்த வீட்டுக்கு முதல் கல் அதுதான்.