அக்காமா இல்லாத நம் பிள்ளையும் அட்டை இல்லாத அவர்கள் பிள்ளையும்

(சிதறால் பள்ளிவாசலில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

  

ஆறு வாரங்களுக்கு முன்பு இதே நேரத்தில், இதே பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஜும்ஆவின் கடைசி வரிசையில் நான்கு இளைஞர்கள் நின்று தொழுதார்கள். மேற்கு வங்கத்திலிருந்து நம் பகுதி ரப்பர் தோட்டங்களுக்குப் பால் வெட்ட வந்தவர்கள். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓடி, சிரட்டையில் வடிந்ததைச் சேர்த்து, ஷீட் அடித்துவிட்டுக் குளித்து வருகிறவர்கள். தொழுகை முடிந்ததும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், இவர்களின் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் இனிமேல் உள்ளே விட வேண்டும். வங்கதேசத்திலிருந்து வந்தவர்களாக இருந்தால் நாளைக்குப் பள்ளிக்கல்லவா கெட்ட பெயர்?" என்றார். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று நான் சொன்னது ஒரே ஒரு சொல்: "பார்க்கலாம்." அந்தப் பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஊரிலேயே இல்லை.

இரண்டு மாதக் கூலி அவர்களுக்கு நிலுவையில் இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

அன்பர்களே! கேட்டவரை மட்டும் குறை கூறி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. அவருடைய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டம் பல்லடத்தில், முறையான ஆவணமின்றித் தங்கி வேலை செய்ததாக வங்கதேசத்தவர் ஏறத்தாழ முப்பது பேர் கைது செய்யப்பட்டார்கள். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தை நீக்கி, 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நாட்டுக்குள் நுழைகிறவருக்கு ஐந்தாண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. ஒரு நாட்டுக்குத் தன் எல்லையைக் காக்கும் உரிமை உண்டு. அதை மார்க்கமும் மறுக்கவில்லை. போலி அட்டை தயாரிப்பது பொய்ச்சாட்சியத்தைச் சேர்ந்த பெரும்பாவம். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. இதே கண்ணோடு நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோமா?

சவூதி அரேபியாவில் அக்காமா தீர்ந்துபோன நிலையில் இரண்டாண்டு, ஐந்தாண்டு ஒளிந்து வேலை பார்த்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இருந்தார்கள்! சொல்ல நாவு கூசுகிறது. உம்ரா விசாவில் சென்று, புனித ஆலயத்தைத் தவாஃப் செய்து, இஹ்ராமைக் களைந்துவிட்டு, திரும்பி வராமல் ஜித்தாவில் வேலை தேடிக்கொண்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்களை யாராவது "சட்டவிரோதக் குடியேறி" என்று சொன்னோமா? "பாவம், பிள்ளை கஷ்டப்படுகிறான், துஆ செய்யுங்கள்" என்றுதான் என்னிடம் வந்து சொன்னார்கள். நானும் துஆ செய்தேன். தவறில்லை. ஆனால் அதே துஆவுக்கு முர்ஷிதாபாத்தில் இருக்கும் ஒரு தாயின் மகனும் தகுதியானவன் அல்லவா? இத்தனைக்கும் அவன் எந்த எல்லையையும் மீறவில்லை. தன் சொந்த நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு ரயிலேறி வந்தவன்.

2013-ஆம் ஆண்டை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சவூதி அரசு 2011-இல் கொண்டுவந்த நிதாகத் திட்டத்தின்படி, ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுக்கும் தொழிலுக்கும் ஏற்றபடி உள்நாட்டவருக்கு வேலை கொடுக்க வேண்டும். 2013 ஏப்ரலில் சோதனைகள் நிறுத்தப்பட்டு, ஆவணங்களைச் சரிசெய்துகொள்ளவோ அபராதமின்றி வெளியேறவோ மூன்று மாத அவகாசம் தரப்பட்டது. பிறகு அது ஹிஜ்ரி ஆண்டின் முடிவான நவம்பர் 3 வரை நீட்டிக்கப்பட்டது. மறுநாள் காலை முதல் சோதனை தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அக்காலத்தில் நாடு திரும்பினார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2018-இலும் 2024-இலும் இதுபோன்ற பொதுமன்னிப்பு அளித்தது. இரண்டு முறையும் முதலில் குறித்த நாளைத் தாண்டி டிசம்பர் 31 வரை நீட்டித்தது.

இந்தச் சட்டங்களை அந்நாடுகள் செயல்படுத்தியதை நான் குறை சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. "ஃப்ரீ விசா" என்று ஒன்றை நம் மக்கள் வாங்கினார்களே, அது எந்தச் சட்டத்திலும் இல்லாத விசா. பெயரளவுக்கு ஒரு கஃபீல் இருப்பார். அவரிடம் வேலை இருக்காது. விசாவை விற்றுவிட்டு, மாதாமாதம் ஒரு தொகையும் வாங்கிக்கொண்டு, "எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்" என்பார். வெளியே வேலை செய்வது குற்றம். பிடிபடுவது யார்? தொழிலாளி. விசாவை விற்றவர் அடுத்த விசாவை விற்கப் போய்விடுவார். சம்பளம் கேட்டு முதலாளியிடம் மன்றாடியவன் மீது "ஓடிப்போய்விட்டான்" என்று ஹுரூப் பதிவு செய்யப்பட்டு, கூலியும் போய், தர்ஹீலில் கிடந்து திரும்பிய கதைகளை நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இங்கிருந்து அனுப்பிய ஏஜெண்டோ நம் ஊர்க் கல்யாணங்களில் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்! 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன்மீதான வரியும் மட்டுமே வாங்கலாம். நிலத்தை ஈடு வைத்து, மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் அதில் எத்தனை மடங்கு கொடுத்தார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

அங்கே சட்டத்தின் கை கஃபீலைத் தொடாமல் தொழிலாளியைத் தொட்டபோது நமக்கு வலித்தது. இங்கே என்ன நடக்கிறது?

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆள் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும். பயணப்படி, இடப்பெயர்வுப்படி கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் கணக்குப் புத்தகம் வழங்க வேண்டும். ஏறத்தாழ 46 ஆண்டுகள் அச்சட்டம் ஏட்டில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கண்ணால் கண்டவர் இந்தச் சபையில் எத்தனை பேர்? பழைய சட்டம் ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்துக்கு. புதியது பத்துப் பேருக்கு. நம் பகுதித் தோட்டங்களில் இருப்பதோ மூன்று பேர், நான்கு பேர். சட்டத்தின் வலைக்கண் அவர்களுக்குப் பெரிது, நழுவிவிடுகிறார்கள். அல்லாஹ்வின் பதிவேட்டில் அப்படி எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை.

நம்மில் சிலர் அந்நியத் தொழிலாளியை ஏன் விரும்பி வைக்கிறோம் என்பதையும் ஒளிவின்றிப் பேசிவிடுவோம். நம் பையன்கள் மரம் வெட்ட வருவதில்லை என்பது உண்மை. அதோடு இன்னோர் உண்மையும் உண்டு. அவனுக்கு மொழி தெரியாது, கேட்க ஆள் இல்லை, குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். அட்டையில் ஏதாவது குறை இருந்தால் நமக்கு இன்னும் வசதி! "போலீசில் சொல்லிவிடுவேன்" என்ற ஒரு சொல் போதும். யாரை விரட்ட வேண்டும் என்று டீக்கடையில் உரக்கப் பேசுகிறோமோ, அவனுடைய பயத்தைத்தான் தோட்டத்தில் லாபமாக எழுதிக்கொள்கிறோம். இது நம் ஊர் மட்டும் கண்ட நோய் அல்ல. அமெரிக்கா 1986-இல்தான், ஆவணமற்றவர் என்று தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளியைத் தண்டிக்க நாடு முழுமைக்குமான சட்டம் கண்டது. அதே சட்டத்தின் மூலம் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குத் தங்கும் உரிமையும் கொடுத்தது.

மார்க்கச் சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? மதரஸாவில் இஜாரா பாடத்தில் ஒரு மஸ்அலா ஓதுவோம். கூலி ஒப்பந்தம் ஏதோ ஒரு குறையால் பழுதாகிவிட்டது. ஆனால் தொழிலாளி வேலையைச் செய்து முடித்துவிட்டார். அப்போது முதலாளி, "ஒப்பந்தமே செல்லாது, ஆகவே கூலியும் இல்லை" என்று சொல்ல முடியுமா? முடியாது. 'உஜ்ரத்துல் மிஸ்ல்', அதாவது அதே வேலைக்கு அவரைப் போன்ற ஒருவர் பெறும் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நம் ஃபுகஹாக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எவ்வாறு கணக்கிடுவது என்பதில்தான் மத்ஹபுகளுக்கிடையே சிறு வேறுபாடு. ஆவணம் இல்லை என்பது அரசுக்கும் அவனுக்கும் இடையிலான வழக்கு. சிந்திய வியர்வை உங்களுக்கும் அவனுக்கும் இடையிலான கடன். கூலிக்கு ஆளமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிப்பதை நபி (ஸல்) அவர்கள் நமக்கு எடுத்துரைத்திருக்கிறார்கள் (புகாரி). அங்கே அவன் எந்த நாட்டுக்காரன் என்ற நிபந்தனை இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு வருமுன் தம்மோடு பயணம் செய்தவர்களை வஞ்சித்துக் கொன்று, அவர்களின் பொருளோடு மதீனா வந்தார்கள். நபியவர்கள் அவருடைய இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பொருளோடு தமக்குத் தொடர்பில்லை என்று விலகிக்கொண்டார்கள். கொல்லப்பட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். நம்பிக்கை மோசடி யாரிடம் செய்தாலும் மோசடிதான். விசா என்பதும் ஓர் ஒப்பந்தமே. இத்தனை நாளில் திரும்பி வருவேன், இன்ன வேலைதான் செய்வேன் என்று கையொப்பமிட்டுவிட்டு மீறுவது, அது எந்த நாடானாலும், இபாதத்தின் பெயரால் ஆனாலும், ஆகாது. "அப்படிச் சம்பாதித்தது ஹராமா ஹஜ்ரத்?" என்று கலங்கிப்போய்க் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: செய்த வேலை ஹலாலானதாயின் அதற்கான கூலி உங்களுடையது, வாக்கை முறித்த குற்றத்துக்குத் தவ்பா செய்யுங்கள்.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நாம் பிர்அவ்னோடு நிறுத்திக்கொள்கிறோம். எகிப்திலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடி, மத்யன் நகரின் நீர்நிலையோரம் நிழலில் ஒதுங்கியபோது அவர் யார்? ஊர் இல்லை, உறவு இல்லை, கையில் எதுவும் இல்லை. அவருக்கு வேலை கொடுத்த பெரியவர் அந்த நிலையைப் பயன்படுத்திக்கொண்டாரா? எட்டு ஆண்டுகள் கட்டாயம், பத்தாக்குவது உம் விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்று நிபந்தனையைத் திறந்து பேசினார். அல்கஸஸ் அத்தியாயத்தில் இறைவன் இதைச் சொல்லிக் காட்டுகின்றான். ஓர் அகதியின் வேலை ஒப்பந்தம் இறைமறையில் இடம்பெற்றிருக்கிறது, சகோதரர்களே!

அட்டையைப் பார்ப்பது யார் வேலை என்ற விஷயத்துக்கு வருகிறேன். 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காட்சிப்பதிவுகள் பரவின. அஞ்சிய தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறினார்கள். அவை பொய் என்று அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர், நம் மாவட்டத்துக்காரரான சைலேந்திரபாபு அவர்கள் விளக்க வேண்டியதாயிற்று. செய்தி கொண்டு வருபவனைத் தீர விசாரியுங்கள் என்ற இறைக்கட்டளை கைபேசிக்கும் சேர்த்துத்தான் இறங்கியிருக்கிறது. பொய்யில் தொடங்குவது எங்கே போய் முடியும்? 2025 டிசம்பரில், பாலக்காடு மாவட்டம் வாளையாறு அருகே, சத்தீஸ்கரிலிருந்து வேலை தேடி வந்த ஒரு தொழிலாளியைத் திருடன் என்று சந்தேகித்து, "நீ வங்கதேசத்தவனா?" என்று கேட்டுக் கேட்டு ஒரு கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அவர் வங்கதேசத்தவரும் அல்லர், முஸ்லிமும் அல்லர். வங்கதேசத்தவராகவே இருந்திருந்தாலும் அடிப்பதற்கு அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? சந்தேகம் இருந்தால் காவல் நிலையம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. பள்ளிவாசலின் கடைசி வரிசை சோதனைச்சாவடி அல்ல.

களியக்காவிளையைத் தாண்டினால் நம்மைப் 'பாண்டி' என்று அழைத்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே நாட்டுக்காரர்கள்! கொத்தனாராகவும் தச்சராகவும் திருவனந்தபுரம் போனபோது அந்த ஒற்றைச் சொல் எப்படிச் சுட்டது என்று அறிந்தவர்கள்தாம், இன்று 'வங்காளி' என்பதை அதே தொனியில் உச்சரிக்கிறோம்.

மீண்டும் அந்த நால்வரிடம் வருகிறேன். தோட்டக்காரரிடம் கூலியைப் பற்றிக் கேட்க நான் மூன்று வாரம் தயங்கினேன். காரணத்தை மறைக்கப் போவதில்லை. பள்ளியின் செலவுகளுக்குத் தாராளமாகக் கொடுப்பவர் அவர். இமாமின் நாவுக்கும் ஒரு கூலி உண்டு போலும், அல்லாஹ் மன்னிப்பானாக! கடைசியில் ஒரு நாள் மக்ரிபுக்குப் பின் சென்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அவர்கள்தான் சொல்லாமல் போய்விட்டார்களே, யாரிடம் கொடுப்பது?" என்றார். அப்போது குகையில் சிக்கிய மூவரின் ஹதீஸை மட்டும் நினைவூட்டினேன். கூலியை வாங்காமல் போய்விட்ட ஆளின் பங்கை முதலீடாக்கிப் பெருக்கி, பல காலம் கழித்து அவன் வந்து கேட்டபோது கால்நடைகளாகத் திருப்பிக் கொடுத்தவர், அந்த நற்செயலைச் சொல்லி இறைஞ்சியதால் பாறை விலகியது அல்லவா! அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலை தாமே வந்து முழுத் தொகையையும் எண்ணி வைத்தார். அவர் யார் என்று தேட வேண்டாம். அவரை விடத் தாமதித்தவன் நான்.

இப்போது அந்தப் பணம் ஓர் உறையில், நான்கு பெயர்களும் எழுதப்பட்டு, பள்ளி அலுவலக அலமாரியில் இருக்கிறது. அவர்கள் கொடுத்துச் சென்ற கைபேசி எண் இயங்கவில்லை. கேரளப் பக்கம் போயிருக்கலாம் என்கிறார்கள். நெடுமங்காடு, கொல்லம் பகுதிகளில் ரப்பர் வேலை, கட்டட வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அவர்களைக் கண்டால் எனக்குத் தெரிவியுங்கள். நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன்.