திரையின் மூலையில் ஒரு சாம்பல்நிற வாசகம்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கணினி பற்றிப் பேச கணக்கு வாத்தியாரை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலர் யோசிக்கலாம். எங்கள் பள்ளியில் புரொஜெக்டர் எரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எமிஸ் திறக்கவில்லை என்றாலும் என்னைத்தான். அந்தப் பழக்கத்தில் வந்து நிற்கிறேன்.

போன மே மாதக் கடைசியில் எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கல்லூரி இறுதியாண்டு. கையில் கல்லூரி கொடுத்த லேப்டாப். "சார், திரை மூலையில 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு வருது. வர்ற வாரம் புராஜெக்ட் வைவா. டவுன்ல ஒரு கடையில 800 ரூபா குடுத்தா நிரந்தரமா சரி பண்ணித் தர்றேன்னு சொல்றாங்க. குடுத்துடவா?" என்றாள். அப்பா தறி வேலை. 800 ரூபாய் அந்த வீட்டில் சின்னத் தொகை இல்லை.

வேண்டாம் என்று உடனே சொன்னேன். அதற்குக் காரணம் என் அறிவு இல்லை, என் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்த லேப்டாப்பில் இதே வாசகம் வந்தது. தெரிந்தவர் ஒருவர் பென்டிரைவில் 'ஆக்டிவேட்டர்' என்று ஒன்றைக் கொடுத்தார். ஓட்டும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தி வை என்று அதுவே கேட்டது. நிறுத்தினேன். திருடன் வந்து நாயைக் கட்டிப்போடச் சொன்னால் கட்டிப்போடுவோமா? நான் கட்டிப்போட்டேன். வாசகம் மறைந்தது. மூன்றாவது வாரம் கோப்புகள் எல்லாம் வேறு பெயருக்கு மாறி, பணம் கேட்டு ஓர் அறிவிப்பு நின்றது. பல ஆண்டு வினாத்தாள்கள், செயல்தாள்கள், மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கென்று தயாரித்த பயிற்சிகள் எல்லாம் போயின. இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லை. அதை இன்று சொல்வதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் முதலில் பதற்றத்தைக் குறைத்தேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஆக்டிவேஷன் இல்லாவிட்டால் மூலையில் அந்த எழுத்து நிற்கும். பின்புலப் படம், வண்ணம் மாற்ற முடியாது. கோப்புகள் திறக்கும், புரோகிராம் ஓடும். வைவாவுக்கு ஆபத்து இல்லை. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்.எஸ். ஆஃபீஸின் ஆக்டிவேஷன் தனி. அது காலாவதியானால் வேர்டில் படிக்கலாம், திருத்த முடியாது. 'விண்டோஸ் போயிடுச்சு' என்று வருகிறவர்களில் பலருக்குப் போயிருப்பது ஆஃபீஸ்தான்.

அடுத்து, உரிமம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். மருந்து கொடுக்கும் முன் காய்ச்சல் எதனால் என்று பார்ப்பது போல. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்ற ஐந்து எழுத்து, ஓர் இடைவெளி, சாய்கோடு, டி-எல்-ஐ. ஒரு சிறு பெட்டி வரும். அதில் 'ஓ.இ.எம்.' என்று இருந்தால் லேப்டாப் செய்த நிறுவனமே போட்டுக் கொடுத்த உரிமம். 'ரீடெய்ல்' என்றால் தனியாக வாங்கியது. 'வால்யூம்' என்றால் ஒரு நிறுவனம் மொத்தமாகப் பெற்றது. சாய்கோட்டுக்குப் பின் எக்ஸ்-பி-ஆர் என்று அடித்தால் நிரந்தரமா, எந்தத் தேதி வரையா என்று சொல்லிவிடும்.

அவளுடையதில் 'வால்யூம் கே.எம்.எஸ். கிளையன்ட்' என்று வந்தது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. கல்லூரிக்குள் கே.எம்.எஸ். என்று ஒரு சர்வர் இருக்கும். வளாகத்தின் லேப்டாப்கள் அதனிடம்தான் ஆக்டிவேஷன் பெறுகின்றன. அது கொடுப்பது 180 நாள்தான். ஏழு நாளுக்கு ஒரு முறை லேப்டாப் தானாகவே அந்த சர்வரைத் தேடும். கிடைத்தால் மறுபடி முதலிலிருந்து 180 நாள். வருகைப் பதிவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள் வந்து போகிறவரை நமக்கு ஒன்றும் தெரியாது.

"நீ கடைசியாக் காலேஜ் போனது எப்பம்மா?" என்றேன். நவம்பர் கடைசி என்றாள். டிசம்பரிலிருந்து வெளியூரில் இன்டர்ன்ஷிப். விரல் விட்டு எண்ணினோம். மே கடைசியில் 180 நாள் முடிகிறது. லேப்டாப்பில் பழுதே இல்லை. கடைக்காரர் எதைச் சரி செய்திருப்பார்?

துறையின் ஆய்வக உதவியாளருக்கு அவளையே போன் செய்யச் சொன்னேன். நான் பேசியிருக்கலாம், அவள் பேசட்டும் என்று விட்டேன். அவர் கல்லூரியின் வி.பி.என். இணைப்புக்கான விவரத்தை அனுப்பினார். அதில் இணைந்து, நிர்வாகி அனுமதியோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, அதே ஐந்து எழுத்தோடு சாய்கோடு ஏ-டி-ஓ கொடுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாசகம் போய்விட்டது.

ஆனால் இது அடுத்த 180 நாளுக்குத்தான். நவம்பரில் அவள் மாணவியாக இருக்க மாட்டாள், கல்லூரி சர்வரைக் கேட்கவும் முடியாது. லேப்டாப்பை மாணவர்களே வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கல்லூரியின் ஏற்பாடு. அப்போது என்ன செய்வது? விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் நிறுவனம் போட்ட சாவி மதர்போர்டின் நினைவகத்திலேயே பதிந்திருக்கும். பெரும்பாலும் ஹோம் பதிப்பு. அதன்மேல்தான் கல்லூரி தன் எஜுகேஷன் பதிப்பை ஏற்றியிருக்கும். கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிய ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவினால், உள்ளே இருக்கும் சாவியை அது தானே எடுத்துக்கொள்ளும். ஒரு ரூபாய் செலவில்லை. அன்றே செய்து கொடுக்கலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. வைவாவுக்கு ஒரு வாரம் முன்பு நன்றாக ஓடும் இயந்திரத்தை அழித்து ஏற்றுவது முட்டாள்தனம். வைவா முடிந்து வா என்றேன். ஜூன் மாதத்தில் வந்தாள், செய்தோம். 'ஓ.இ.எம்.' என்று வந்தது.

வேறு காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 80072எஃப்8எஃப் என்று முடியும் பிழை வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடிகாரம் பல ஆண்டு பின்னுக்குப் போகும். தேதி தவறினால் இணையம் வழி ஆக்டிவேஷன் நடக்காது. எங்கள் பள்ளியில் ஒரு லேப்டாப் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தது இதற்காகத்தான். மதர்போர்டு மாற்றிய பிறகு வந்தால் விண்டோஸ் அதை வேறு இயந்திரம் என்றே நினைக்கும். உத்தரவாதக் காலத்தில் நிறுவனமே மாற்றினால், உரிமத்தையும் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அந்த அறிவிப்பையும் ஆக்டிவேஷனையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

2011-இல் நம் மாநிலத்தில் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது நினைவிருக்கும். பாஸ் பக்கம் திறந்தவர்கள் நம்மில் குறைவு, நானும் திறக்கவில்லை. அதற்கு ஆக்டிவேஷனே கிடையாது. பழைய லேப்டாப்பில் பிள்ளைகள் தட்டச்சுப் பழக இப்போது எங்கள் வகுப்பில் லினக்ஸ்தான் ஓடுகிறது.

லேப்டாப்போடு வந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு முன்வரிசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாக டி-எல்-ஐ போட்டுப் பார்ப்போம். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள். இந்த அறையில் இரண்டு பிளக்தான் வேலை செய்கிறது.