தலையெழுத்தும் உயிரணு எழுத்தும்
(அடி அண்ணாமலையில் செய்த சொற்பொழிவு)



இவ்வூர் வழியாக மலையைச் சுற்றிவரும் கூட்டத்தில், பேச்சு வராத குழந்தையைத் தோளில் சுமந்து நடக்கும் தாய்மார்களையும் பார்க்கிறோம். "என்னம்மா?" என்று கேட்டால், "அதன் தலையெழுத்து, நான் செய்த பாவம்" என்கிறார்கள். அது உண்மைதானா என்பதைப் பற்றியே இன்று சிறிது சொல்லப்போகிறோம்.

உடலில் ஓர் எழுத்து உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது தலையில் இல்லை, பிரமன் எழுதியதுமல்ல. உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்னும் இழையாக இருக்கிறது. ஓர் அணுவிலுள்ள இழையை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். கண்ணுக்கே தெரியாத அணுக்கருவுக்குள் அது அடங்குவதெப்படி? கட்டையில் நூல் சுற்றுவது போல, 8 ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருண்டை ஒவ்வொன்றின் மேலும் சுமார் 147 எழுத்து ஜோடிகள் சுற்றியிருக்கின்றன. இவ்வமைப்பை 1974-ல் ரோஜர் கார்ன்பெர்க் என்பவர் எடுத்துச் சொன்னார். சுற்றைக் கட்டி நிறுத்தும் இன்னொரு ஹிஸ்டோனின் முக்கிய பாகத்தினுடைய வடிவத்தை, நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் அவரது கூட்டாளிகளும் 1993-ல் கண்டார்கள்.

சரி, சுற்றிக் கிடக்கும் எழுத்தை வாசிப்பதெப்படி? கட்டை அவிழ்க்க வேண்டாமா? அவிழ்ப்பது மந்திரமா? அல்லவே அல்ல. பல புரதங்கள் கூடிய நுண்ணிய எந்திரங்கள், ஏ.டி.பி. என்னும் எரிபொருளைச் செலவழித்து உருண்டைகளை நகர்த்துகின்றன. சிலவற்றை அப்புறப்படுத்தவும் செய்கின்றன. ஸ்விச்-ஸ்னிஃப் என்னும் எந்திரத்தின் பாகங்களை 1980-களில் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டில் கண்டார்கள். அவ்வினத்து எந்திரம் மனிதனுக்கும் உண்டு. கண்ணிலும் ஈரலிலும் எழுத்து ஒன்றுதான். திறந்த பக்கமும் மூடிய பக்கமுந்தான் வேறு.

இவ்வெந்திரம் பழுதானால்? குழந்தையின் பேச்சையும் அறிவு வளர்ச்சியையும் தாமதப்படுத்தும் காஃபின்-சிரிஸ் என்னும் நோய்க்கு, இதன் பாகங்களுக்குரிய எழுத்தில் நேர்ந்த பிழை காரணமாகிறதென்று 2012-ல் கண்டார்கள். அப்பிழை பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல், குழந்தையிடம் புதிதாக ஏற்பட்டது. அப்படியானால் பெற்றவள் பாவம் எங்கே? முன்ஜென்மம் எங்கே?

பேச்சு வராத குழந்தைகளுக்கெல்லாம் இதுவே காரணமென்று நாம் சொல்லவில்லை. காரணங்கள் பல, ஒவ்வொன்றையும் தேடித்தான் அறியவேண்டும். இந்நோயை அடியோடு மாற்றும் மருந்து இன்றும் இல்லை என்பதையும் மறைக்கமாட்டோம். ஆனால் பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் பயன் தரும். தலையெழுத்தென்று சொல்லிவிட்டால் அந்தப் பயனும் போய்விடுமல்லவா?

ஆகவே தாய்மார்களே, 14 கிலோமீட்டர் சுமந்து நடக்கும் குழந்தையை முதலில் டாக்டரிடம் கொண்டுபோங்கள். குற்றவாளிபோல் தலைகுனிந்து போகாதீர்கள். நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை.