வண்டி நின்றால் நன்றாக இருக்கிறது, ஓடினால் ஏன் கிழிகிறது?

(தாம்பரம் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்கான கணினிவழிக் கற்பித்தல் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து திறன்பலகை, கைப்பேசிச் செயலி என்று புதியவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் ஒரு பழைய பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்கள் பள்ளி அலுவலக அறை பீரோவின் கீழ்த்தட்டில், பழைய வருகைப் பதிவேடுகளுக்குப் பின்னால் அது கிடக்கும். ஆண்டு விழா, விளையாட்டு விழா, களப்பயணம் என்று எழுதி ஒட்டிய வீடியோ கேசட்.

எங்கள் பள்ளியில் அப்படி இரண்டு கேசட்டுகள் கிடைத்தன. உள்ளங்கையில் அடங்கும் சிறிய கேசட்டுகள். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இதை மினி டிவி என்பார்கள். இந்த 'டிவி' தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கி 2004-இல் நின்றது உங்களுக்குத் தெரியும். அது நிற்பதற்கு முன் எங்கள் கணக்கு ஆசிரியர் ஒருவர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த ரயிலில் கடற்கரை வரை அழைத்துப் போயிருக்கிறார். போகும் வழியிலேயே பாடம் நடத்தியிருக்கிறார். ஜன்னல் ஓரம் ஒரு மாணவி கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்ல, இன்னொரு மாணவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே 100 வினாடி. அப்படியென்றால் வேகம் எவ்வளவு? மணிக்கு 36 கிலோமீட்டர். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அந்த ஆசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் குரல் அந்த இரண்டு கேசட்டுகளில் மட்டுமே இருந்தது.

ஆண்டு விழாவில் போட்டுக் காட்டலாம் என்று முதல் கேசட்டைக் கணினியில் ஏற்றினேன். எடிட்டிங் மென்பொருளில் வெட்டி ஒட்டி, தலைப்புப் போட்டு, திறன்பலகைக்கு ஏற்றபடி பெரிதாக்கி, ரெண்டர் செய்தேன். பார்த்தால் படம் கண்ணராவியாக இருந்தது. ஓடுகிற கம்பம் எல்லாம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருந்தது. கையை ஆட்டினால் கை இரண்டாகத் தெரிந்தது. "இருபது வருஷத்து டேப் சார், கெட்டுப்போயிருக்கும், விடுங்க" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணினியில் இடம் இல்லை என்று மூலக் கோப்பை அழித்தேன். பிறகு கேசட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது டேப் சிக்கி அறுந்தது.

இரண்டாவது கேசட்டும் அப்படியே போயிருக்கும். காப்பாற்றியது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கேள்வி. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "வண்டி நிக்கும்போது நல்லாத்தானே சார் இருக்கு, ஓடும்போது மட்டும் ஏன் கிழியுது?"

டேப் கெட்டிருந்தால் நின்ற படமும் கெட்டிருக்க வேண்டும். அவன் கேள்வியிலேயே விடை இருந்தது.

ஒற்றைப்படை, இரட்டைப்படை

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கிய 1975-லிருந்து நாம் பார்த்த தொலைக்காட்சிப் படம் 625 வரிகளால் ஆனது. அதில் கண்ணுக்குத் தெரியும் படம் 576 வரிகள். வினாடிக்கு 25 முழுப் படங்கள். ஆனால் பழைய குழாய்த் திரையில் வினாடிக்கு 25 முறை மட்டும் படம் வரைந்தால் கண் கூசும்படி மினுக்கும். 50 முழுப் படங்களை அனுப்ப அலைவரிசையில் இடம் போதாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகளை மட்டும் அனுப்பினார்கள். அடுத்து 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிகள். ஒவ்வொன்றும் 288 வரி கொண்ட அரைப்படம். இதற்கு ஃபீல்டு என்று பெயர். வினாடிக்கு 50 ஃபீல்டுகள். இப்படிப் பின்னிய படத்தை இன்டர்லேஸ் வீடியோ என்கிறோம். கோரைப் பாயில் இரண்டு நிறக் கோரையை மாற்றி மாற்றி வைத்து முடைவதுபோல.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கேமரா இந்த இரண்டு அரைப்படங்களையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு வினாடியில் 50-இல் ஒரு பங்கு இடைவெளி உண்டு. நம் கணக்கு ஆசிரியரின் ரயிலுக்கே வருவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். வினாடியில் 50-இல் ஒரு பங்கில் ரயில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். திரையின் அகலத்தில் வெளியே 10 மீட்டர் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் அகலம் 720 புள்ளிகள். அப்போது 20 சென்டிமீட்டர் என்பது சுமார் 14 புள்ளிகள். ஒற்றைப்படை வரிகளில் கம்பம் ஓர் இடத்தில் இருக்கிறது, இரட்டைப்படை வரிகளில் 14 புள்ளி தள்ளி இருக்கிறது. அதுதான் சீப்புப் பல். நின்ற வண்டியில் தள்ளல் பூச்சியம், அதனால் பல்லும் இல்லை.

பழைய குழாய்த் தொலைக்காட்சி இரண்டு அரைப்படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகவே வரைந்தது. அதனால் நாம் எதையும் கவனிக்கவில்லை. இன்றைய கணினித் திரையும் திறன்பலகையும் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகின்றன. இரண்டு வெவ்வேறு நொடிகள் ஒரே படத்தில் சேர்ந்து நிற்கின்றன. கேமராவிலும் பழுதில்லை, டேப்பிலும் பழுதில்லை. பின்னியதைப் பிரிக்காமல் காட்டியதுதான் தவறு. பிரிக்கும் வேலைக்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர்.

நோயைக் கண்டுபிடிப்பது

மருந்துக்கு முன் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். எடிட்டிங் மென்பொருளின் முன்னோட்டச் சன்னலை நம்பாதீர்கள். வேகத்துக்காக அது தரத்தைக் குறைத்தே காட்டும். விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து, யாராவது ஓடுகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அசையும் இடத்தில் மட்டும் கோடு கோடாக இருந்தால் அது இன்டர்லேஸ். விஎல்சியிலேயே வீடியோ பட்டியலில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்குங்கள். கோடுகள் மறைந்தால் உறுதி. கோப்பில் எதுவும் மாறுவதில்லை. பார்ப்பதற்கு மட்டும் என்றால் இதுவே போதும்.

ஓடும் உருவம் முன்னும் பின்னுமாகத் துள்ளினால், ஃபீல்டு வரிசை தலைகீழாகியிருக்கிறது. 1, 2, 3, 4 என்று வரவேண்டியது 2, 1, 4, 3 என்று வருகிறது. மினி டிவி கேசட்டுகளில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். பிற்காலத்து எச்டி ஹேண்டிகேம்களில், அதாவது 50ஐ என்று குறித்தவற்றில், மேல் ஃபீல்டு முதலில் வரும். மென்பொருளில் அந்தத் துண்டின் பண்புகளில் இதை மாற்றலாம்.

அசையாத சுவரும்கூடக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், ரெண்டர் செய்யும்போது பிட்ரேட்டை மிகவும் குறைத்துவிட்டீர்கள். முகங்கள் ஒல்லியாகத் தெரிந்தால் அகல உயர விகிதம் தவறு. 720க்கு 576 படத்தைக் கணினித் திரையில் 768க்கு 576 ஆகக் காட்ட வேண்டும். அகலத்திரையை நிரப்புவதற்காக இழுக்காதீர்கள். இருபுறமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். பிள்ளைகளின் முகம் முகமாக இருப்பது முக்கியம்.

வரிசை மாறக்கூடாது

நான் செய்த பெரிய தவறு வரிசைத் தவறு. பிரிக்காமலேயே படத்தைப் பெரிதாக்கினேன். 576 வரிகளை 720 ஆக்கும்போது மென்பொருள் அடுத்தடுத்த வரிகளைக் கலந்து புதிய வரிகளை உண்டாக்கும். ஒற்றையும் இரட்டையும் கலந்த பிறகு எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. சாம்பாரில் கரைத்த புளியைத் திரும்ப எடுக்க முடியுமா? என் முதல் கேசட்டின் கதை அதுதான். ரெண்டர் செய்த கோப்பு இன்னும் இருக்கிறது. அதில் ஆசிரியரின் குரல் தெளிவாகக் கேட்கிறது, முகம்தான் கிழிந்திருக்கிறது.

ஆகவே, இந்த வரிசையை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில், கேசட்டை உள்ளபடியே நகலெடுங்கள். மினி டிவி என்றால் ஃபயர்வயர் வழியாக எடுத்தால் டேப்பில் உள்ளது அப்படியே வரும். ஒரு மணி நேரம் சுமார் 13 ஜிபி ஆகும். பழைய பெரிய விஎச்எஸ் கேசட் என்றால் யுஎஸ்பி கேப்சர் கருவியில் 720க்கு 576, வினாடிக்கு 25 என்று வையுங்கள். தொலைக்காட்சியில் ஓடவிட்டுக் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது, அந்த மூலக் கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள். அதில் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது, டீஇன்டர்லேஸ் செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்பதில் யாடிஃப் என்று தேர்ந்தெடுத்தால் போதும். மேடைப் பேச்சு, பாடம் என்றால் 25 ஃபிரேம் போதுமானது. கபடி, ஓட்டப்பந்தயம், ஒயிலாட்டம் என்றால் அதே இடத்தில் பாப் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து 50 ஃபிரேம் வையுங்கள். ஒவ்வொரு அரைப்படமும் ஒரு முழுப்படமாக விரிவதால் அசைவு வழுவழுப்பாக இருக்கும். தர எண்ணை 16 அல்லது 18 என்று வையுங்கள். அங்கே எண் குறையக் குறையத் தரம் கூடும்.

நான்காவது, இப்போது எடிட்டிங். ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்களே போதும். புராஜெக்ட் அமைப்பில் புரோகிரசிவ் என்று இருக்கிறதா பாருங்கள். இன்டர்லேஸ் என்று இருந்தால் நாம் பிரித்ததை அது மறுபடி பின்னிவிடும்.

பெரிதாக்குவதும் ரெண்டர் செய்வதும் கடைசி. கைப்பேசியில் எடுத்த காட்சிகளைச் சேர்ப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. அவை பின்னப்படாத முழுப் படங்கள். அவற்றுக்கு டீஇன்டர்லேஸ் போட்டால் வீணாகத் தெளிவு குறையும். கேசட் துண்டுகளுக்கு மட்டுமே இந்த மருந்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேசட்டில் இல்லாத தெளிவை எந்த மென்பொருளும் கொண்டுவராது. 576 வரிப் படம் பெரிய திறன்பலகையில் கொஞ்சம் மென்மையாகத்தான் தெரியும். அதைக் கூர்மையாக்கப் போய்ப் புள்ளிகளைப் பெருக்காதீர்கள்.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டு தாள்களில் ஒரே சைக்கிளை, இரண்டாவதில் மட்டும் ஓர் அங்குலம் தள்ளி வரையச் சொல்லுங்கள். இரண்டையும் குறுக்காகச் சம அளவுப் பட்டைகளாக வெட்டி எண் போடச் சொல்லுங்கள். முதல் தாளிலிருந்து ஒற்றை எண், இரண்டாம் தாளிலிருந்து இரட்டை எண் என்று மாற்றி மாற்றி ஒட்டட்டும். சீப்புப் பல் வந்துவிடும். மூன்றாம் வகுப்புக்கு அது ஒற்றை, இரட்டை. எட்டாம் வகுப்புக்கு அதுவே தொலைவு, காலம், வேகம்.

இரண்டாவது கேசட்டை ஆண்டு விழாவில் போட்டோம். ரயில் பரங்கிமலையைத் தாண்டுகிறது, ஜன்னல் கம்பிகள் நேராக நிற்கின்றன, ஆசிரியர் திரும்பிப் பார்த்து "எத்தனை வினாடி?" என்று கேட்கிறார். அன்று கல்லை எண்ணிய மாணவி இப்போது எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையின் தாய். பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் வாய்விட்டே "நூறு, சார்" என்றார்.

இந்த வாரம் பள்ளிக்குப் போனதும் அந்த பீரோவைத் திறந்து பாருங்கள். கேசட்டை ஓட்டும் கருவிகள் கிடைப்பது வருடத்துக்கு வருடம் குறைகிறது, டேப்பும் முதுமை அடைகிறது. படம் மோசமாக வந்தால் கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டுவதற்கு முன், நின்ற இடத்தில் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.