தொடுதலும் தொற்றுதலும்



தொற்றைக் குறிக்க ஆங்கிலர் வழங்கும் ‘கண்டேசன்’ என்னுஞ் சொல் இலத்தீனத்தினின்று பிறந்தது. ‘கொன்’ என்பது கூட. ‘தாங்கெரே’ என்பது தொடுதல். கூடித் தொடுதலே அதன் வேர்ப்பொருள். தொடப்படாத முழுமையைச் சுட்டி, முழுவெண்ணுக்குப் பெயரான ‘இண்டிசர்’ என்பதும் அவ்வேரினின்று கிளைத்ததே.

1546-இல் இத்தாலிய மருத்துவர் பிரக்கசுத்தோரோ, நேர்த்தொடுதலாலும், நோயாளியின் உடை முதலியவற்றாலும், தொலைவினின்றும் நோய் பரவுமென மூவகைப்படுத்தினார். தொடாமற் பரவுவதும் அப்பெயருள் அடங்கவே, வேர்ப்பொருள் விரிந்தது.

தமிழர் இதனை ‘ஒட்டுவாரொட்டி’ என்றனர். நெருங்குவாரைப் பற்றும் நோயென்பது எழுத்தறியாதார்க்கும் உடனே விளங்கும். விளங்காச் சொல்லால் விடுக்கும் முன்னறிவிப்பு உயிர் காக்குமோ? நோய்க்காலத்தில் ஊரார்க்கு ஊரார் மொழியிலேயே உரைத்தல் வேண்டும். அவ்வுரையில் இதுவும் இடம்பெறுக: விலக்கத்தக்கது நோயே, நோயாளியல்லன்!