பட்டணம் போன ஒரே மகன்



யப்பானியச் சலனப்படம் என்றதும் யசுஜிரோ ஓசு 1953இல் ஆக்கிய ‘தோக்கியோக் கதை’யையே பலரும் எடுத்துரைப்பர். அவர் 1936இல் ஆக்கிய ‘ஒரே மகன்’ பற்றிப் பேசுவோர் சிலரே. அவருடைய முதற் பேசும்படம் அது. படிப்புக்காகப் பட்டணம் புகும் வாலிபரும், அவரை அனுப்பிவைக்கும் பெற்றோரும் ஒருங்கே இருந்து பார்க்க வேண்டிய படம் என்பது நமது துணிபு.

கதை 1923இல், சின்சு என்னும் மலைநாட்டிலே தொடங்குகிறது. பட்டுநூல் ஆலையில் உழைக்கும் கைம்பெண் ஒட்சுனே. அவள் மகன் ரியோசுகே, மேற்படிப்புக்குப் போவதாக ஆசிரியரிடம் தானே சொல்லிவிடுகிறான். வறிய தாய் முதலிற் சினந்து அறைகிறாள்; பின்பு மனந்தேறி அனுப்பத் துணிகிறாள்.

13 ஆண்டுகள் கழிகின்றன. மகனைக் காணத் தோக்கியோ வருகிறாள் தாய். அவனோ இராப் பாடசாலை ஆசிரியன். நகர்ப்புறத்தே, குப்பை எரிக்கும் உலைகளுக்கு அணித்தாய்ச் சிறு வீடு. மணம் முடித்ததையும் பிள்ளை பிறந்ததையும் தாய்க்கு அறிவித்தானில்லை. அவளை உபசரிக்கக் கடன் வாங்குகிறான். முன்னர் அவனை ஊக்கிய ஆசிரியரும் தலைநகரிலே பன்றியிறைச்சிப் பொரியல் விற்றுச் சீவிக்கிறார்.

இஃது அவர்களுடைய சோம்பலால் வந்த வினையா? அன்று. உலகப் பொருளாதார மந்தத்தால் யப்பானிற் படித்தோரும் வேலையின்றித் திரிந்த காலம் அது. ‘பட்டம் பெற்றேன், ஆனால்’ என்னும் பொருள்படும் பெயரில் ஓசு 1929இலேயே ஒரு படம் எடுத்திருந்தார்.

தோக்கியோவில் இனி உயர வழியில்லை எனச் சோர்கிறான் மகன். அவன் படிப்புக்காக வீட்டையும் முசுக்கட்டைத் தோட்டத்தையும் விற்றுவிட்டதை அப்பொழுதுதான் தாய் வெளியிடுகிறாள். அவளுக்கு வலிப்பது வறுமையன்று. அவன் முயற்சியைக் கைவிட்டமையே.

மறுநாள், தாய்க்கு ஊர் காட்ட மனைவி தன் கிமோனோவை விற்றுப் பணம் கொடுக்கிறாள். அவ்வேளை அயல்வீட்டுச் சிறுவனைக் குதிரை உதைத்துவிடுகிறது. அப்பணத்தை ரியோசுகே அச்சிறுவனின் தாயிடம் கொடுத்துவிடுகிறான். ஒட்சுனே உள்ளம் குளிர்கிறாள். ஊர் மீண்டவள், மகன் பெரியவனாகிவிட்டான் என்று தோழியிடம் கூறுகிறாள். பின்பு ஆலையின் பின்புறத்தே தனித்திருந்து தலை சாய்க்கிறாள். பெருமையும் மெய், துயரமும் மெய். மகனோ மீண்டும் படிக்க உறுதி பூணுகிறான்.

இளைஞர்களே, பட்டணத்திலிருந்து வீட்டுக்கு எழுதுங் கடிதத்தில் உள்ளதை எழுதுவோம். பெரியோர்களே, என்ன உத்தியோகம், என்ன சம்பளம் என்று வினவுமுன், அயலானுக்கு உதவினாயா என்றும் ஒருமுறை வினவுங்கள். அவ்வினாவுக்கு விடை கூறவாவது நாம் தகுதி பெற்றிருப்போமாக.